கொடி இல்லை, வலை இல்லை: ஆட்டத்தை நடத்துவதா, தள்ளிவைப்பதா?

ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கால்பந்து ஆட்டம். மூன்றரைக்கு மைதானத்துக்குப் போனால் மூலைக் கொடிகள் நான்கில் இரண்டுதான் இருக்கின்றன. ஒரு கோலில் வலை இல்லை. இரவு பெய்த மழையில் சுண்ணாம்புக் கோடுகள் கரைந்து போய்விட்டன. எதிரணியோ வேன் பிடித்து வந்து இறங்கிவிட்டது. இரண்டு கேப்டன்களும் நடுவரின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊர்களில் பல ஆண்டுகள் விசிலோடு நின்றிருக்கிறேன். மன்றத்து இளைஞர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் புதிதாக நடுவர் வேலைக்கு வரும் பிள்ளைகளும் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: “விதிப்படி இந்த ஆட்டத்தை நடத்தலாமா அண்ணா?” விதியை மட்டும் சொல்லி அவர்களை அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. மூலைக் கொடி கட்டாயம் என்கிறது விதிப்புத்தகம். அது இல்லாமல் ஆடினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வலையை விதிப்புத்தகம் கட்டாயமாக்கவில்லை, ‘கட்டலாம்’ என்றுதான் சொல்கிறது. அது இல்லாமல் ஆடினால் இரண்டு ஊர்கள் பேச்சை நிறுத்திக்கொள்ளும் அளவுக்குச் சண்டை வரலாம். ஆகவே எந்தப் பொருள் இல்லை என்பதோடு, அது இல்லாததால் என்ன கெடும் என்பதையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள், இந்த வரிசையில்.

உடம்புக்கு ஆபத்து உண்டா? இதற்கு ‘உண்டு’ என்பது பதிலானால் மற்ற நான்கையும் கேட்க வேண்டியதில்லை.

நடுவரால் சரியாகத் தீர்ப்புச் சொல்ல முடியுமா? கோல் ஆனதா, பந்து வெளியே போனதா, தவறு பெனால்டி எல்லைக்குள் (கோலுக்கு முன்னால் உள்ள பெரிய கட்டத்துக்குள்) நடந்ததா என்ற மூன்றையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். கோட்டோரத்தில் துணை நடுவர்கள் இருக்கிறார்களா, ஒருவரே ஓடி ஓடிப் பார்க்கிறாரா என்பதைப் பொறுத்து இந்தப் பதில் மாறும்.

குறை இரு அணிக்கும் சமமா? இடைவேளையில் பக்கம் மாறுவதால் சமமாகிவிடும் என்பார்கள். எல்லாக் குறையும் அப்படிச் சமமாவதில்லை. கோடு அழிந்த மைதானத்தில் எல்லை எங்கே முடிகிறது என்பது அங்கே தினமும் ஆடும் பையன்களின் காலுக்குத் தெரியும். வந்தவர்களுக்குத் தெரியாது.

அரை மணி நேரத்தில் சரிசெய்ய முடியுமா? எங்கள் பக்கத்து மைதானங்கள் பலவற்றில் விளக்கு கிடையாது. ஜூன், ஜூலையில் மாலை ஆறரை வரை வெளிச்சம் இருக்கும். அரை மணித் தாமதத்தைத் தாங்கலாம். டிசம்பரில் ஆறு மணியைத் தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். அப்போது தாமதமே ஒரு ஆபத்து.

தள்ளிவைத்தால் இழப்பு யாருக்கு? தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் ஒருமுறை கடலுக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாள்களில்தான் பலர் சேர்ந்தாற்போல் கரையில் இருப்பார்கள். ஜூலை கடைசி ஞாயிற்றின் ஆட்டத்தை ‘அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளினால், அடுத்த வாரம் ஆட ஆள் இருக்காது.

## பேச்சுக்கே இடமில்லாத ஒன்று: ஊன்றாத கோல்

கொடிக்கும் வலைக்கும் வாதாடுகிறவர்கள், தரையில் ஊன்றாமல் சும்மா நிறுத்திவைத்த இரும்புக் கோல் சட்டத்தைக் கண்டுகொள்வதில்லை. கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் பொதுவான மைதானங்களில் கோலை இழுத்துப் போட்டு, ஆட்டம் முடிந்ததும் ஓரம் தள்ளிவிடுகிறார்கள். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்த கோல் அது. முன்பக்கம் கனம், பின்பக்கம் இரண்டு மெல்லிய கம்பிகள். குறுக்குக் கம்பத்தைப் பிடித்து ஒரு பையன் தொங்கினால் முன்னால் சாயும்.

இந்த ஆபத்து எல்லா நாட்டுக்கும் பொது. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1990களில் நகர்த்தும் கோல்கள் பற்றி ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. கோல் சரிந்து விழுந்து ஏற்பட்ட மரணங்களும் கடுமையான காயங்களும்தான் அதற்குக் காரணம். அந்த விபத்துகளில் விழுந்த கோல்கள் ஏறக்குறைய எல்லாமே பள்ளிப் பட்டறைகளிலும் உள்ளூர் வெல்டர்களிடமும் செய்யப்பட்டவையாகத் தெரிந்தன என்று அது குறிப்பிடுகிறது. நம் ஊர் மைதானத்தை மனதில் வைத்து அந்த வரியைப் படியுங்கள்.

கால்பந்து விதிகளும் இதில் வளைந்து கொடுப்பதில்லை. நகர்த்தும் கோல் உட்பட எந்தக் கோலும் தரையோடு உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். குறுக்குக் கம்பம் முறிந்தாலோ இடம் பெயர்ந்தாலோ, சரிசெய்யும்வரை ஆட்டம் நிற்க வேண்டும். சரிசெய்ய முடியாவிட்டால் ஆட்டத்தைக் கைவிட வேண்டும். குறுக்குக் கம்பத்துக்குப் பதில் கயிறு கட்டக் கூடாது. 1882 வரை இங்கிலாந்தில் நாடா கட்டி ஆடியவர்கள் உண்டு. அந்த ஆண்டுதான் குறுக்குக் கம்பம் கட்டாயமானது. நாடாவுக்கு மேலே போனதா, கீழே போனதா என்ற சண்டைக்கு முடிவே இல்லை என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்துவிட்டது.

பெரிய ஆட்டங்களிலும் இது நடந்திருக்கிறது. 1994 உலகக் கோப்பையில் மெக்சிகோவும் பல்கேரியாவும் ஆடியபோது, ஒரு வீரர் வலைக்குள் விழுந்து கோல் உடைந்தது. வேறு கோலைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகே ஆட்டம் தொடர்ந்தது. 1998 ஏப்ரல் 1 அன்று மாட்ரிட்டில் ரியல் மாட்ரிட்டும் டார்ட்மண்டும் மோதிய ஐரோப்பிய அரையிறுதியில், ஆட்டம் தொடங்குமுன்பே ஒரு கோல் சரிந்தது. பயிற்சி மைதானத்திலிருந்து மாற்றுக் கோல் வந்து சேரும்வரை ஒரு மணி நேரத்துக்கும் மேல் எல்லோரும் காத்திருந்தார்கள். தொலைக்காட்சி ஒளிபரப்பையும் நிரம்பிய அரங்கத்தையும் வைத்துக்கொண்டு அவர்களே காத்திருந்தார்கள் என்றால், நம் ஊர்க் கோப்பையும் காத்திருக்கலாம்.

கோலின் பின்பக்க அடிக்கம்பியில் ஆணி அறைய வேண்டும். முடியாவிட்டால் மணல் மூட்டைகளை அடுக்க வேண்டும். பிறகு பெரியவர்கள் இருவர் குறுக்குக் கம்பத்தைப் பிடித்து முன்பக்கமாக இழுத்துப் பார்க்க வேண்டும். அசைந்தால் ஆட்டம் இல்லை. கேப்டன்களின் சம்மதம் இதில் செல்லாது.

## மற்றப் பொருள்கள்: ஒரே பார்வையில்

| இல்லாதது | விதி | உண்மையில் கெடுவது | அரை மணி நேர மாற்று | என் முடிவு |
|---|---|---|---|---|
| மூலைக் கொடி | நான்கு மூலையிலும் கட்டாயம், 1.5 மீட்டருக்குக் குறையாத உயரம், கூரற்ற முனை | மூலையை ஒட்டிப் போகும் பந்தின் தீர்ப்பு | பிவிசி குழாயும் துணியும். இல்லையேல் பிளாஸ்டிக் கூம்பு | ஆடலாம் |
| நடுக்கோட்டுக் கொடி | விருப்பம்தான் | ஒன்றுமில்லை | தேவையில்லை | ஆடலாம் |
| கோல் வலை | கட்டாயமில்லை. போட்டி விதி கேட்கலாம் | கோல் தீர்ப்பு | பழைய மீன்வலை. கோலுக்குப் பின்னால் ஒரு ஆள் | நட்பு ஆட்டம் சரி. கோப்பை ஆட்டம் வலை கட்டிய பிறகு |
| பக்கக் கோடு, கோல் கோடு | கட்டாயம் | த்ரோ-இன், கோல் தீர்ப்பு | கோட்டுக்கு வெளியே கூம்புகள், வெள்ளைப் பொடி | கோல் கோடாவது போட்ட பிறகு |
| பெனால்டி எல்லைக் கோடு | கட்டாயம் | பெனால்டியா, ஃப்ரீ கிக்கா. கோல் கீப்பர் கையால் தொடலாமா | முடிச்சிட்ட கயிற்றால் அளந்து பொடி போடுவது | கோடு போட்ட பிறகு |
| ஊன்றாத கோல், உடைந்த குறுக்குக் கம்பம் | தடை | உயிர் | ஊன்றி, இழுத்துப் பார்ப்பது | சரியாகாவிட்டால் ஆட்டம் இல்லை |

அட்டவணையில் அடங்காத சில விஷயங்களையும் சொல்ல வேண்டும்.

கொடி இல்லாததைவிடத் தவறான கொடி மோசமானது. சவுக்குக் கம்பை அரிவாளால் சீவி நட்டுவைக்கிறார்கள். இடுப்புயரத்துக்கு இரும்புக் கம்பியை அறைந்து சட்டையைத் தொங்கவிடுவதையும் பார்த்திருக்கிறேன். ஓடிவந்து சறுக்கும் பையனின் வயிற்றுக்கும் கண்ணுக்கும் நேராக நிற்கும் முனை அது. விதி 1.5 மீட்டர் உயரத்தையும் கூரற்ற முனையையும் கேட்பதன் பொருள் அங்கேதான் விளங்குகிறது. நல்ல கொடிக்கு வழியில்லை என்றால் கூம்பை வையுங்கள். அதுவும் இல்லையென்றால் மூலையில் பொடியால் வளைவு மட்டும் போட்டுவிட்டு ஆடுங்கள். கொடிக் கம்பில் பட்டு உள்ளே திரும்பும் பந்து ஆட்டத்தில் உள்ள பந்துதான். கம்பு இல்லாத மூலையில் அதே பந்து வெளியே போய்விடும். இந்த வேறுபாட்டை இரு அணிக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கோடு போட எங்கள் பக்கத்தில் சுண்ணாம்புதான் பழக்கம். நீற்றிய சுண்ணாம்பும் ஈரத்தோடு சேர்ந்தால் தோலையும் கண்ணையும் அரிக்கும். நீற்றாத சுண்ணாம்பு சுட்டே விடும். மழைநாள் மைதானத்தில் விழுந்து எழும் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். சுண்ணாம்பு கலக்காத வெள்ளைக் கல்மாவு போதும். மண்வெட்டியால் கீறிக் கோடு போடுவதோ, கயிற்றை முளையடித்துக் கோடாக விடுவதோ கூடவே கூடாது; இரண்டும் கணுக்காலைத் திருப்பும்.

அளவுக்கு ஒரு கயிறு போதும். 5.5 மீட்டர், 9.15 மீட்டர், 11 மீட்டர், 16.5 மீட்டர் என்று நான்கு இடங்களில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோல் ஏரியா, நடுவட்டம், பெனால்டி புள்ளி, பெனால்டி எல்லை என எல்லாம் அதில் வந்துவிடும். மூலை நேராக அமைய 3, 4, 5 மீட்டர் பக்கங்களில் முக்கோணம் பிடித்துப் பார்க்கலாம். மூன்று பேர் இருந்தால் இரண்டு பெனால்டி எல்லைகளையும் இருபது நிமிடத்தில் போட்டு முடித்துவிடலாம்.

## வழி 1: இருப்பதை வைத்து ஆடுவது

பெரும்பாலோர் எடுக்கும் முடிவு இது. செலவில்லை, யாரும் ஏமாற்றத்தோடு திரும்புவதில்லை. பயிற்சி ஆட்டம், நட்பு ஆட்டம், ஓய்வு பெற்றவர்களின் ஞாயிறு ஆட்டம் ஆகியவற்றுக்கு இதுவே சரி. கூம்பு வைத்துக் குழந்தைகள் ஆடும் சிறு ஆட்டங்களுக்குக் கொடியும் வலையும் தேவையே இல்லை. அடிமட்ட ஆட்டங்களுக்கு மைதான அளவையும் கோல் அளவையும் மாற்றிக்கொள்ள விதிகளே இடம் தருகின்றன.

மறைந்திருக்கும் விலை புள்ளிக்கும் கோப்பைக்கும் ஆடும்போதுதான் வெளியே வரும். ‘பரவாயில்லை, ஆடலாம்’ என்று இரு கேப்டன்களும் ஒத்துக்கொள்வார்கள். அந்த ஒப்பந்தத்தின் ஆயுள் முதல் சர்ச்சைக் கோல் வரைதான். ஒரு திருவிழாக் கோப்பையின் அரையிறுதியில் ஒரு பக்கம் வலையில்லாமல் நான் ஆட்டத்தை நடத்தினேன். இரண்டாம் பாதியின் கடைசியில் ஒரு பந்து கம்பத்தை ஒட்டிப் பறந்து, பின்னால் நின்ற தென்னையில் மோதித் திரும்பியது. நான் இருபது மீட்டர் தள்ளி நின்றேன். கோல் என்று ஊதினேன். அது கம்பத்துக்கு உள்ளே போனதா, வெளியே போனதா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. தோற்ற அணி அடுத்த ஆண்டு அந்தக் கோப்பைக்கு வரவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. ஆட்டத்தைத் தொடங்கியிருக்கக் கூடாது.

வலை பிறந்ததே இந்தச் சிக்கலிலிருந்துதான். லிவர்பூலைச் சேர்ந்த பொறியாளர் ஜான் அலெக்சாண்டர் பிராடி கோல் வலையை உருவாக்கினார். 1891இல் நாட்டிங்ஹாமில் நடந்த ஒரு ஆட்டத்தில் அதைக் கட்டிச் சோதித்தார்கள். வலை இருந்தும் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்பதை 2013 அக்டோபரில் ஜெர்மனி பார்த்தது. லெவர்குசன் அணியின் ஸ்டெஃபான் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து, ஹோஃபன்ஹெய்ம் கோலின் பக்கவாட்டு வலையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே போனது. நடுவர் கோல் கொடுத்தார். ஹோஃபன்ஹெய்ம் எதிர்ப்பு மனு கொடுத்தும் முடிவு மாறவில்லை.

## வழி 2: அரை மணி நேரம் தாமதித்து, சரிசெய்து ஆடுவது

எனக்குப் பிடித்த வழி இதுதான். மைதானத்தைச் சுற்றிலும் ஊர் இருக்கிறது; ஊரில் எல்லாம் இருக்கிறது. கடற்கரை ஊரில் வலை இல்லை என்று ஆட்டம் நின்றால் அதைவிட வருத்தம் எதுவுமில்லை. பழைய மீன்வலை ஒன்றை அரை மணி நேரத்தில் கட்டிவிடலாம். கண்ணி பந்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். தங்கூசி வலை (மெல்லிய ஒற்றை நைலான் இழை வலை) வேண்டாம், விரலை அறுக்கும், பூட்ஸ் மாட்டும். நூல் வலையாக இருக்கட்டும். கம்பியால் கட்டாமல் கயிற்றால் கட்டுங்கள். அடிப்பகுதியைத் தரையோடு பிடித்துவையுங்கள், கோல் கீப்பரின் கால் சிக்காத அளவுக்குப் பின்னால் இழுத்து. முடித்ததும் நடுவர் ஒவ்வொரு பக்கத்தையும் கையால் தடவி ஓட்டை பார்க்க வேண்டும்.

இதற்கும் விலை உண்டு. வெளிச்சம் குறையும். உடம்பைச் சூடேற்றிக்கொண்ட வீரர்கள் குளிர்ந்துபோவார்கள். தாமதம் முடிந்ததும் மீண்டும் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். அவசரத்தில் வைக்கும் மாற்றே புதிய ஆபத்தாகலாம், சீவிய சவுக்குக் கம்பைப் போல. ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்பது ஒரு மணி நேரமாக நீளும் பழக்கமும் நமக்கு உண்டு. கடிகாரத்தைப் பார்த்து முடிவு நேரத்தை இரு அணிக்கும் சொல்லிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

வெளிச்சம் இருக்கும் மாதங்களில், குறை கொடி, வலை, கோடு என்ற அளவில் நின்றால், எந்தப் போட்டிக்கும் இதுவே முதல் தேர்வு.

## வழி 3: நட்பு ஆட்டமாக மாற்றி ஆடுவது

புள்ளி கிடையாது, முடிவு ஏட்டில் ஏறாது. வந்தவர்கள் ஆடிவிட்டுப் போகலாம். வேன் வாடகை முழுதும் வீணாகாது. குறை தீர்ப்பை மட்டும் கெடுக்கும்போது, சரிசெய்யவும் வழியில்லாதபோது இது நல்ல வழி.

ஆனால் உண்மையான ஆட்டத்துக்கு மறுபடி ஒரு நாள் தேட வேண்டும்; இரண்டாவது வேன் வாடகையை யார் கொடுப்பது என்பதை அன்றே பேசி எழுதிவைக்க வேண்டும். நட்பு ஆட்டத்தில் காயம்பட்டவர் உண்மையான ஆட்டத்துக்கு இருக்கமாட்டார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கோல் ஊன்றப்படாத மைதானத்தில் ‘நட்பாக ஆடலாம்’ என்பதற்கு இடமில்லை. விழும் கம்பிக்கு நட்பு ஆட்டம் தெரியாது.

## வழி 4: தள்ளிவைப்பது

உடம்புக்கு ஆபத்து இருந்தால் வேறு வழியே இல்லை. இறுதி ஆட்டத்தில் பெனால்டி எல்லையைக் குறிக்க முடியவில்லை என்றாலும் நான் தள்ளிவைக்கத்தான் சொல்வேன்.

விலையை முழுதாகக் கணக்கிடுங்கள். வேன், மைதான அனுமதி, ஞாயிறு வேலையை விட்டு வந்தவரின் கூலி, அடுத்த தேதிக்குள் கடலுக்குப் போய்விடும் வீரர்கள். இந்தச் சுமை பெரும்பாலும் தவறு செய்யாத அணியின் தலையில் விழுகிறது. தள்ளிவைக்கும்போதே மறுதேதியும் பயணச் செலவும் முடிவாகிவிட வேண்டும். மைதானத்தைத் தயார் செய்யாத அணியே செலவை ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

‘வேண்டாம்’ என்று சொல்லும் நடுவருக்கு விதிகள் துணை நிற்கின்றன. மைதானமும் அதன் உபகரணங்களும் ஆட்டத்துக்கு ஏற்றவையா என்று அவர் எடுக்கும் முடிவுக்காக அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று ஐந்தாம் விதி சொல்கிறது. இளம் நடுவர்கள் இதைப் படித்து வைத்திருக்க வேண்டும். சுற்றி நின்று கூச்சலிடும் இருநூறு பேருக்கு முன்னால் அந்த ஒரு வரி பெரிய தைரியம்.

## வழி 5: உள்ளூர் அணி தோற்றதாக அறிவிப்பது

சில போட்டிகளின் விதியில் இது இருக்கிறது. காகிதத்தில் நியாயமாகத் தெரியும். நடைமுறையில், ஒரு கொடி குறைந்தாலே மூன்று புள்ளி கிடைக்கும் என்றால், பலவீனமான அணி கொடியை எண்ணிக்கொண்டுதான் வந்து இறங்கும். ஆடத் தயங்குகிறவருக்குப் பரிசு கொடுக்கும் விதி அது. சொல்லியும் திருந்தாமல், ஒரே பருவத்தில் மீண்டும் மீண்டும் மைதானத்தைத் தயார் செய்யாத அணிக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். முதல்முறை பண அபராதம் போதும். அந்தப் பணத்தில் போட்டிக் குழுவே நான்கு கொடிகளும் ஒரு ஜோடி வலையும் வாங்கி வைக்கட்டும்.

## எந்த நிலையில் எது

கோல் அசைந்தால்: தள்ளிவைப்பு, வயதும் போட்டியும் எதுவானாலும்.

கொடி மட்டும் இல்லை என்றால்: ஆடுங்கள். இதற்காக ஒரு அணியைத் திருப்பி அனுப்புவது அநியாயம்.

வலை இல்லை, கோப்பை ஆட்டம் என்றால்: தாமதித்துக் கட்டுங்கள். கட்ட முடியாமல் போனால், கோலுக்குப் பின்னால் இரு அணியும் ஏற்கும் ஒரு ஆளை நிறுத்தி ஆடுவது இரண்டாம் தேர்வு. அவர் சொல்வதை எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே விசில்.

கோடு இல்லை, மழை நிற்கவில்லை என்றால்: கூம்புகளோடு நட்பு ஆட்டம். போடும் பொடி பத்து நிமிடத்தில் கரைந்துவிடும்.

ஜூலைக் கடைசி, வீரர்கள் கடலுக்குப் போகப் போகிறார்கள் என்றால்: உயிர் ஆபத்தைத் தவிர மற்ற எல்லாக் குறைக்கும் ஊரைத் திரட்டிச் சரிசெய்து அன்றே ஆடிவிடுங்கள். சனிக்கிழமை மாலையே ஒருவர் மைதானத்துக்குப் போய் நான்கு மூலையையும் இரண்டு கோலையும் பார்த்துவிட்டு எதிரணிக்கு போன் செய்தால், வேன் ஏறுமுன்பே பாதிச் சிக்கல் தெரிந்துவிடும். அந்த ஒருவர் யார் என்பதைப் போட்டி அட்டவணையிலேயே, ஆட்ட நேரத்துக்குப் பக்கத்தில், பெயரோடு எழுதிவையுங்கள்.